போல்ட் ஓட்டை எங்கே வரவேண்டும்?

வண்டியை உயர்த்த நினைப்பவர்கள் முதலில் கேட்பது எத்தனை அங்குலம் என்றுதான். நான்கா, ஆறா, எட்டா? நீளமான ஸ்பிரிங் போட்டால் உயரம் வந்துவிடும். அது அதிக வேலையும் இல்லை. உயரம் வந்த பிறகு ஆக்சிலைப் பிடித்துக்கொண்டிருக்கும் ஆர்ம்களின் கதி என்ன என்ற பேச்சு மட்டும் பெரும்பாலும் எழுவதே இல்லை. கரடுமுரடான பாதையில் முன்சக்கரம் ஒரு கல்லில் மோதி, அந்த அடி ஸ்டீயரிங் வழியாகத் தோள்வரை ஏறும்போதுதான் அந்தக் கேள்வி பிறக்கிறது.

முன்னும் பின்னும் ஒரே தண்டாக ஓடும் ஆக்சிலும் காயில் ஸ்பிரிங்கும் கொண்ட நான்கு சக்கர இழுவை வண்டிகளைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். 1997 முதல் 2006 வரை வந்த ஜீப் ராங்லர் டிஜே இதற்கு நல்ல உதாரணம். அதற்கு முந்தைய ஒய்ஜே மாடலில் பட்டை ஸ்பிரிங் இருந்தது. பட்டை ஸ்பிரிங் இரண்டு வேலை செய்யும்: எடையைத் தாங்கும், ஆக்சிலையும் அதன் இடத்தில் நிறுத்திவைக்கும். காயில் ஸ்பிரிங் எடையை மட்டுமே தாங்கும். ஆக்சில் முன்னே பின்னே போகாமல், தன்னைத்தானே சுற்றிக்கொள்ளாமல் இருக்கக் கீழே இரண்டு, மேலே இரண்டு என நான்கு ஆர்ம்கள் வேண்டும். பக்கவாட்டில் நழுவாமல் இருக்க, குறுக்கே ஒரு பானார்டு ராடு வேண்டும்.

டிஜேயின் கீழ் ஆர்ம் ஏறத்தாழ 16 அங்குலம். கணக்கு எளிதாக இருக்க, தொழிற்சாலையிலிருந்து வந்த உயரத்தில் அது தரைக்கு இணையாகக் கிடக்கிறது என்று வைத்துக்கொள்வோம். வண்டியை 6 அங்குலம் உயர்த்தினால் ஆர்ம் 22 பாகை சாய்ந்துவிடும், ஆக்சில் 1.2 அங்குலம் வண்டியின் நடுப்பக்கமாக இழுபடும். வண்டி சும்மா நிற்கும்போதே இந்த நிலை. பள்ளத்தில் சக்கரம் இன்னும் 5 அங்குலம் கீழே தொங்கினால் சாய்வு 43 பாகையைத் தாண்டும், ஆக்சில் மொத்தம் 4.4 அங்குலம் நகர்ந்திருக்கும். அதே இடத்தில் 36 அங்குல ஆர்மை வைத்துப் பாருங்கள். நிற்கும்போது சாய்வு 10 பாகைக்கும் கீழே, முழுக்கத் தொங்கினாலும் 18 பாகைதான். ஆக்சில் நகர்வது 1.7 அங்குலம். லாங் ஆர்ம் என்று ஒன்று எதற்காக இருக்கிறது என்பதற்கு இந்த எண்களே போதுமான பதில்.

சாய்வு ஏன் கெடுதல்? முன் ஆக்சிலின் ஆர்ம்கள் ஆக்சிலில் தொடங்கிப் பின்னோக்கிச் சேஸிக்குப் போகின்றன. கல்லில் மோதும்போது சக்கரம் பின்னாலும் மேலேயும் போக விரும்புகிறது. ஆனால் செங்குத்தாகச் சாய்ந்த குட்டை ஆர்ம், சக்கரத்தை மேலே போகவிடுமுன் பின்னால் போகவிடாமல் தடுத்து, அந்த விசையை அப்படியே சேஸிக்கு அனுப்புகிறது. கழியை ஊன்றித் தாண்டுபவனைப் போல வண்டியின் உடல் அந்த ஆர்ம்மீது எழும்புகிறது. ஸ்பிரிங் எவ்வளவு மென்மையாக இருந்தாலும் அதற்கு வேலையே வருவதில்லை. இதை அறியாமல் ஷாக் அப்சார்பரை மாற்றி மாற்றிப் பணத்தை விரயம் செய்பவர்களைப் பார்க்கும்போது எனக்கு மனம் பொறுப்பதில்லை. குற்றவாளி ஷாக் அல்ல, அந்தக் கோணம்.

ஆனால் நான் எழுத வந்தது நீளத்தைப் புகழ்வதற்கு அல்ல. நீளமான ஆர்மை வாங்கி, காலியாக இருக்கும் இடத்தில் பிராக்கெட்டை ஒட்டவைத்து, வேலை முடிந்தது என்று கிளம்பிய வண்டிகள் மேட்டில் ஏறும்போது பின்சக்கரங்கள் தரையில் துள்ளுவதைப் பார்த்திருக்கிறேன். ஆர்ம் என்பது இரண்டு புள்ளிகளை இணைக்கும் ஒரு கோடு. அந்தப் புள்ளிகள் எங்கே இருக்கின்றன என்பதுதான் வண்டியின் குணத்தைத் தீர்மானிக்கிறது. அந்த இடம் சரியாக அமைந்தால் நீளம் பெரும்பாலும் தானாக வந்து சேர்ந்துவிடும்.

முதலில் அமைப்பைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ரேடியஸ் ஆர்ம் மிகவும் பழையது, எளியது: பக்கத்துக்கு ஒரு நீண்ட ஆர்ம், அது ஆக்சிலை இரண்டு இடங்களில் பிடித்துக்கொள்ளும். 1970இல் வந்த ரேஞ்ச் ரோவர் முன்னால் இதைத்தான் பயன்படுத்தியது; சுசுகி ஜிம்னியின் முன்பக்கத்திலும் இதுவே. சேஸியில் பக்கத்துக்கு ஒரே பிராக்கெட் போதும் என்பதால் கட்டுவது சுலபம். சிக்கல், ஒரு சக்கரம் ஏறி மறுசக்கரம் இறங்கும்போது வரும். ஒரு பக்கத்து ஆர்ம் ஆக்சிலை ஒரு திசையில் சுழற்றப் பார்க்கும், மறுபக்கத்து ஆர்ம் எதிர்த் திசையில் சுழற்றப் பார்க்கும். ஆக்சில் குழாய் முறுக்கிக்கொள்ளாது. ஆகவே ரப்பர் புஷ்கள்தான் நசுங்கி வழிவிட வேண்டும். மண்சாலைக்கும் நெடும்பயணத்துக்கும் இது நல்ல, நம்பகமான அமைப்பு. பாறை ஏறுவதற்கு நான் இதைத் தேர்ந்தெடுக்க மாட்டேன்.

என் வண்டிக்கு முன்னால் மூன்று லிங்க்கும் பானார்டு ராடும், பின்னால் முக்கோண நான்கு லிங்க்கும் வைத்தேன். மூன்று லிங்க் என்றால் கீழே இரண்டு ஆர்ம்கள், மேலே ஒன்றே ஒன்று. மேலே ஒன்றுதான் இருப்பதால் ஆக்சில் எந்தப் பக்கம் சாய்ந்தாலும் எதுவும் எதனோடும் முட்டிக்கொள்வதில்லை. பின்னால் உள்ள நான்கு லிங்க்கில் மேல் ஆர்ம்கள் இரண்டும் டிஃபரன்ஷியலுக்கு மேலே நெருங்கி, சேஸியில் அகன்று நிற்கும். அவற்றுக்கு இடையே குறைந்தது 40 பாகை விரிவு இருந்தால் அவையே ஆக்சிலைப் பக்கவாட்டிலும் பிடித்துக்கொள்ளும். பானார்டு ராடு தேவையில்லை. அப்படியானால் முன்னாலும் அதையே வைக்கலாமே என்று தோன்றும். ஸ்டீயரிங் பெட்டி சேஸியில் இருந்து, அதன் டிராக் லிங்க் என்ற தண்டு குறுக்கே போய்ச் சக்கரத்தைத் திருப்பும் வண்டியில் அது கூடாது. ஆக்சில் நேராக மேலே ஏறும், டிராக் லிங்க்கோ வில்லாக வளைந்து ஏறும். ஓட்டுநர் கையே அசைக்காமல் சக்கரம் தானாகத் திரும்பும்.

இதனால்தான் முன்னால் பானார்டு ராடும் டிராக் லிங்க்கும் ஒரே நீளத்திலும் ஒரே சாய்விலும் இருக்க வேண்டும். இரண்டும் ஒரே வில்லை வரைந்தால் சக்கரத்துக்கு எதுவும் தெரியாது. 32 அங்குல பானார்டு ராடு தரைக்கு இணையாகக் கிடந்தால், ஆக்சில் 5 அங்குலம் இறங்கும்போது அது பக்கவாட்டில் 0.4 அங்குலம்தான் நகரும். அதே ராடு 6 அங்குல உயரத்தால் ஏற்கெனவே சாய்ந்திருந்தால், அதே 5 அங்குல இறக்கத்துக்கு 1.4 அங்குலம் நகரும். ஆக்சில் பக்கத்துப் பிராக்கெட்டை மேலே தூக்கி ராடை மட்டமாக்குவதும், டிராக் லிங்க்கையும் அதே அளவுக்கு மேலே கொண்டுவருவதும் ஒரே வேலையின் இரண்டு பாதிகள். ஒன்றைச் செய்து மற்றதை விட்டால், இரண்டையும் தொடாமல் விட்டதைவிட மோசமாகும்.

இனி, பலர் அலட்சியப்படுத்தும் ஓர் அளவு: ஆக்சிலில் மேல் ஆர்மின் போல்ட்டுக்கும் கீழ் ஆர்மின் போல்ட்டுக்கும் இடையே உள்ள செங்குத்துத் தூரம். 35 அங்குல டயர் என்றால் ஆக்சிலின் மையம் தரையிலிருந்து சுமார் 17.5 அங்குலம். கீழ் ஆர்ம் அதற்கு 3 அங்குலம் கீழே, அதாவது 14.5 அங்குல உயரத்தில் இருக்கிறது என்போம். பிரேக் போடும்போது தரை, டயரைப் பின்னோக்கி இழுக்கிறது. அந்த விசையை 1 பங்கு என்று வைத்துக்கொண்டால், இடைவெளி 8 அங்குலமாக இருக்கும்போது மேல் ஆர்மில் 1.8 பங்கு இழுவிசையும், கீழ் ஆர்ம்கள் இரண்டிலும் சேர்த்து 2.8 பங்கு அழுத்தமும் விழும். இடைவெளியை 5 அங்குலமாகக் குறைத்தால் மேலே 2.9, கீழே 3.9. மூன்று லிங்க்கில் அந்த மேல் விசை முழுவதும் ஒரே ஆர்மில், ஒரே போல்ட்டில், ஒரே பிராக்கெட்டின் வெல்டிங்கில் தொங்குகிறது. டயர் விட்டத்தில் கால் பங்காவது இடைவெளி வேண்டும் என்று கட்டுபவர்கள் சொல்வதன் காரணம் இதுதான். எஞ்சினின் எண்ணெய்த் தொட்டி இடம் கொடுக்க மறுக்கும்போது இந்த இடைவெளியைக் குறைத்துக்கொள்ளத்தான் முதலில் ஆசை வரும். அந்த ஆசைக்கு இடம் கொடுக்கக் கூடாது.

பின்பக்கத்தில் வேறொரு கணக்கு. பக்கத்திலிருந்து பார்க்கும்போது மேல் ஆர்மையும் கீழ் ஆர்மையும் கோடுகளாக நீட்டினால் எங்கோ ஒரு புள்ளியில் சந்திக்கும். பின் டயர் தரையைத் தொடும் இடத்திலிருந்து அந்தப் புள்ளி வழியாக ஒரு கோடு இழுத்து, அது முன் ஆக்சிலுக்கு நேர் மேலே எந்த உயரத்தில் போகிறது என்று பாருங்கள். வண்டியின் எடை மையம் 30 அங்குல உயரத்தில் இருந்து, கோடும் 30 அங்குலத்தில் போனால் அமுங்குவதைத் தடுக்கும் அளவு 100 சதவீதம் என்கிறார்கள். முடுக்கும்போது பின்பக்கம் அமுங்குவதும் இல்லை, எழும்புவதும் இல்லை. ஆக்சில்களுக்கு இடையே 100 அங்குலம் உள்ள வண்டியில் அந்தச் சந்திப்புப் புள்ளி பின் ஆக்சிலுக்கு 50 அங்குலம் முன்னால், 18 அங்குல உயரத்தில் இருந்தால் கோடு முன்னால் 36 அங்குலத்தைத் தொடும்: 120 சதவீதம். சாய்ந்த குட்டை ஆர்ம்களில் அந்தப் புள்ளி அதே உயரத்தில், ஆனால் ஆக்சிலுக்கு 30 அங்குலம் முன்னாலேயே வந்துவிட்டால் கோடு 60 அங்குலத்துக்கு ஏறும்: 200 சதவீதம். மேட்டில் ஆக்சிலரேட்டரை மிதித்ததும் வண்டியின் பின்பகுதி எழும்பி, டயர் ஒரு கணம் அழுந்தப் பிடித்து, பிறகு விட்டு, மீண்டும் பிடித்துத் துள்ளுவது இதனால்தான். சேஸிப் பக்கத்து மேல் பிராக்கெட்டில் ஒன்றுக்குப் பதிலாக மூன்று ஓட்டைகளை ஒன்றன்கீழ் ஒன்றாகப் போட்டுவைப்பது நல்ல வழி. ஓட்டிப் பார்த்துவிட்டு மேல் ஆர்மை ஓர் ஓட்டை மாற்றிக்கொள்ளலாம்.

இவ்வளவையும் தாளில் போட்ட பிறகு வரும் வேலைதான் எனக்கு மிகவும் பிடித்தது. ஸ்பிரிங்குகள் எல்லாவற்றையும் கழற்றிவிட்டு, சேஸியை உறுதியான தாங்கிகளில் உட்காரவைத்து, ஆக்சிலை இரண்டு ஜாக்கிகளின்மேல் நிறுத்துவது. தூக்குக்குண்டைக் கட்டித் தொங்கவிட்டுச் சேஸியின் நடுக்கோட்டைத் தரையில் சாக்பீஸால் வரைந்துகொள்வேன். ஆக்சிலின் நடுவும் அதே கோட்டில் நிற்க வேண்டும். ஆர்ம்களைப் புள்ளி வெல்டிங்கில் மட்டும் நிறுத்தி, ஆக்சிலை முழுக்க மேலே ஏற்று, முழுக்கக் கீழே இறக்கு, ஒரு பக்கம் ஏற்றி மறுபக்கம் இறக்கு. ஒவ்வொரு நிலையிலும் ஸ்டீயரிங்கை இடக்கோடிக்கும் வலக்கோடிக்கும் திருப்பு. டயர் கீழ் ஆர்மை உரசுகிறதா? இரு முன்சக்கரங்களையும் இணைக்கும் டை ராடு பானார்டு பிராக்கெட்டைத் தொடுகிறதா? ஸ்பிரிங் நிற்கும் கிண்ணங்கள் ஒன்றுக்கொன்று நேராக இருக்கின்றனவா? எண்ணெய்த் தொட்டியின் அடியில் ஓர் உருண்டை களிமண்ணை அப்பிவைப்பேன். ஆக்சில் முழுக்க மேலே ஏறி இறங்கியதும் அந்தக் களிமண்ணில் டிஃபரன்ஷியலின் மேல்விளிம்பு பதிந்த தடம் இருக்கும். மிஞ்சியிருக்கும் களிமண்ணின் கனம்தான் மெய்யான இடைவெளி. கண்ணால் பார்த்து விரல் நுழையும் என்று சொல்வதை நம்பவே கூடாது. இந்த நிலையில் கிடைக்கும் எண்களைக் கொண்டுதான் ஆக்சில் மேலே ஏறுவதைத் தடுத்து நிறுத்தும் பம்ப் ஸ்டாப்பின் உயரமும், ஷாக்கின் நீளமும், பிரேக் ஹோஸ் எவ்வளவு நீளம் வேண்டும் என்பதும் முடிவாகும். ஷாக்கை முதலில் வாங்கிவிட்டு அதற்கேற்ப ஆக்சிலை ஆடவைப்பது தலைகீழான முறை.

ஆர்முக்குக் குழாய் தேர்ந்தெடுப்பதில் ஒரு விதி மனதில் இருக்க வேண்டும்: அழுத்தத்தில் வளைந்து மடங்குவதைத் தாங்கும் வலிமை, நீளத்தின் வர்க்கத்துக்கு ஏற்பக் குறைகிறது. அதே குழாயை இரண்டு மடங்கு நீளமாக வெட்டினால் அந்த வலிமை கால் பங்காகிவிடும். குட்டை ஆர்முக்குப் போதுமானதாக இருந்த குழாயை நீள ஆர்முக்குப் பயன்படுத்த முடியாது. கீழ் ஆர்ம் பாறையில் உட்காரவும் செய்யும் என்பதால் 2 அங்குல வெளிவிட்டமும் கால் அங்குலச் சுவர்க் கனமும் கொண்ட, டிஓஎம் எனப்படும் அச்சில் இழுத்த எஃகுக் குழாய் வைத்தேன். மேல் ஆர்முக்கு ஒன்றரை அங்குலம் போதும். 7075 அலுமினியத் தண்டு வைப்பவர்களும் உண்டு. அது பாறையில் வளைந்து, மீண்டும் நிமிரும் இயல்புடையது. ஒரு முனையில் வலமரையும் மறுமுனையில் இடமரையும் போட்டுவிட்டால், ஆர்மைக் கழற்றாமலே திருகி நீளத்தைக் கூட்டிக் குறைக்கலாம். முனைகளில் கோள மூட்டு வைத்தால் எல்லாத் திசையிலும் தடையில்லாமல் திரும்பும், ஆனால் சாலையின் ஒவ்வொரு சலசலப்பையும் உள்ளே கொண்டுவரும். சேஸிப் பக்கம் கோள மூட்டும், ஆக்சில் பக்கம் ரப்பர் புஷ்ஷும் வைத்தது எனக்கு நிறைவாக இருக்கிறது.

வெல்டிங்கை எனக்கு மூத்த ஒருவர் செய்தார். நான் பிடித்துக்கொண்டு நின்றேன். "தம்பி, ஒரே பக்கத்தில் தொடர்ந்து போட்டால் குழாய் அந்தப் பக்கமாக இழுத்துக்கொள்ளும், அங்கே கொஞ்சம் இங்கே கொஞ்சம் என்று மாறிமாறிப் போடுவோம்" என்றார். "சரி அண்ணா, ஒவ்வொரு தடவையும் அளந்து பார்த்துவிடுகிறேன்" என்றேன். அப்படியே செய்தோம். ஆக்சில் குழாயில் இது உயிர்நாடியான விஷயம். வெப்பத்தில் குழாய் வளைந்தால் உள்ளே சுழலும் ஷாஃப்ட்டும் பேரிங்கும் அடிவாங்கும். டிஃபரன்ஷியல் கூடு வார்ப்பிரும்பு. அதில் பிராக்கெட் வைக்க வேண்டுமானால் முன்கூட்டியே சூடேற்றி, நிக்கல் கம்பியால் பற்றவைத்து, போர்வை மூடி மெதுவாக ஆறவிட வேண்டும். அவசரப்பட்டால் வெல்டிங்கின் ஓரத்தில் கீறல் விடும். சேஸியில் பிராக்கெட்டை நேரடியாக ஒட்டாமல், முதலில் கால் அங்குலத் தகடு ஒன்றைப் பரப்பிப் பற்றவைத்து, அதன்மேல் பிராக்கெட்டை வைத்தோம். தகட்டின் ஓரங்கள் சேஸித் தண்டுக்குக் குறுக்கே நேர்கோடாக முடியாமல் மீன்வால் போல் பிளந்து முடிந்தால் சேஸி அந்த இடத்தில் ஒடியாது. தனிச் சேஸி இல்லாமல் உடலே சேஸியாக இருக்கும் செரோக்கி எக்ஸ்ஜே போன்ற வண்டிகளில் இந்தத் தகட்டை முழுநீளத்துக்குக் கொண்டுபோவதே நல்லது; அங்கே இருப்பது மடித்த தகடு மட்டுமே.

ஆக்சிலுக்கு எஞ்சின் விசையைக் கொண்டுவரும் புரொப்பெல்லர் ஷாஃப்ட்டை மறந்துவிடுவது எளிது. இரண்டு முனையிலும் ஒற்றை யூனிவர்சல் ஜாயின்ட் உள்ள ஷாஃப்ட்டில் இரண்டு கோணங்களும் சமமாக இருக்க வேண்டும். விசையை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கும் டிரான்ஸ்ஃபர் கேஸ் பக்கத்தில் இரட்டை ஜாயின்ட் வைத்தால் பின் டிஃபரன்ஷியலின் மூக்கு, அதாவது ஷாஃப்ட் மாட்டும் முனை, ஷாஃப்ட்டை நோக்கியே நிற்க வேண்டும். விசையில் அது சற்று மேலே எழும் என்பதால் ஒன்றிரண்டு பாகை தாழ்த்தி வைப்பார்கள். முன் ஆக்சிலில் இதற்கு ஒரு முரண் காத்திருக்கிறது. மூக்கை மேலே தூக்கினால் ஷாஃப்ட்டுக்கு நல்லது, ஆனால் சக்கரம் திரும்பும் அச்சின் பின்சாய்வான காஸ்டர் கோணம் அதே அளவு குறையும், ஸ்டீயரிங் தானாக நேருக்குத் திரும்பாது, வண்டி சாலையில் அலையும். ஒன்றுக்காக மற்றொன்றை விட்டுக்கொடுக்க மனமில்லாவிட்டால் ஆக்சில் முனைகளின் வெல்டிங்கை வெட்டி, அந்த முனைகளைத் திருப்பி மீண்டும் பற்றவைக்க வேண்டும். கடினமான வேலை, ஆனால் சாலையில் நம்மைத் தவிர மற்றவர்களும் போகிறார்கள் என்பதால் காஸ்டரில் சமரசம் வேண்டாம் என்பது என் உறுதியான எண்ணம்.

உயரத்தைப் பற்றியும் ஒரு வார்த்தை. போடப்போகும் டயர் மேலே ஏறும்போது உடலில் உரசாமல் இருக்க எவ்வளவு தேவையோ அவ்வளவுதான் என் அளவு. ஒவ்வோர் அங்குலமும் எடை மையத்தையும் ஆர்மின் சாய்வையும் சேர்த்தே உயர்த்துகிறது. நீள ஆர்மின் சேஸி முனை வண்டியின் வயிற்றுக்கு அருகே இறங்கி நிற்கும் என்பதையும் மறக்கக் கூடாது. கூர்மையான மேட்டில் முதலில் தட்டுவது அந்தப் பிராக்கெட்தான். அதை சேஸித் தண்டின் அடிமட்டத்துக்குக் கீழே தொங்கவிடாமல் உள்ளே ஏற்றி வைப்பதற்காகச் சேஸியின் குறுக்குச் சட்டமான கிராஸ் மெம்பரையே மாற்றிக் கட்டுவது வீண் செலவாகாது.

எல்லாம் பூட்டிய பிறகு ரப்பர் புஷ் உள்ள போல்ட்டுகளை, வண்டி தன் சக்கரங்களின்மேல் நிற்கும்போதுதான் இறுக்க வேண்டும். தூக்கி நிறுத்தியிருக்கும்போது இறுக்கினால், கீழே இறக்கிய மறுகணமே ரப்பர் முறுகிய நிலையில் மாட்டிக்கொண்டு சீக்கிரம் கிழியும். முதல் சில ஓட்டங்களுக்குப் பிறகு எல்லாவற்றையும் டார்க் ரெஞ்சால் மறுபடி இறுக்குகிறேன். ஆர்மின் பூட்டு நட்டுக்கும் குழாய்க்கும் குறுக்கே வெள்ளை பெயிண்டால் ஒரு கோடு போட்டிருக்கிறேன். குனிந்து டார்ச் அடித்தால் போதும்: கோடு ஒரே நேராக இருந்தால் நட் அசையவில்லை, விலகியிருந்தால், அடுத்த கல்லில் ஏறுவதற்கு முன் ஸ்பேனரை எடுக்க வேண்டும்.